நாடகப் பேராசிரியரும் செங்கல் மாளிகையும்

(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

இயல், இசை, நாடகம் என்று முத்தமிழைப் பிரித்துச் சொல்லும்போது மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றுக்கும் ஒரே மதிப்பு கிடைத்ததா என்றால் இல்லை. புலவருக்குப் பொன்னாடை கிடைத்தது. பாடகருக்குப் பட்டம் கிடைத்தது. நடிகனுக்குக் கிடைத்ததோ கூத்தாடி என்னும் வசைச்சொல். அந்தச் சொல்லின் கடுமையைச் சென்னை நகரில் ஓரளவேனும் தணித்துக் காட்டியவர் பம்மல் சம்பந்த முதலியார். அன்னாரின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று தமிழ் மன்றத்தில் கேட்டபோது, அறிவியல் மாணவியான எனக்கு அவருடைய வாழ்க்கையோடு சேர்ந்து ஒரு கட்டடமும் நினைவுக்கு வந்தது. காட்பாடியில் இரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கி வெளியே வரும் நம்மூர் மக்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். சென்ட்ரல் நிலையத்துக்கும் மாநகராட்சியின் வெண்ணிற ரிப்பன் மாளிகைக்கும் நடுவே, செங்கல் நிறத்தில் உயர்ந்த கோபுரத்தோடு நிற்கும் விக்டோரியா பொது மண்டபமே அது. பம்மலாரின் நாடக வாழ்வில் பெரும்பகுதி அந்தக் கூரையின் கீழ்தான் கழிந்தது. ஆகவே மனிதரையும் மண்டபத்தையும் பிரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

சம்பந்த முதலியார் 1873ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் சென்னையில் பிறந்தார். சென்ட்ரல் இரயில் நிலையம் எழுந்ததும் அதே 1873இல்தான். தந்தையார் விஜயரங்க முதலியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் பணியில் இருந்தவர். தமிழ் நூல்களில் ஈடுபாடு மிக்கவர். தாயார் மாணிக்கவேலு அம்மையார். பம்மல் என்பது பல்லாவரத்தை அடுத்த ஊர். நம் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்து நண்பர்களுக்கு அந்தப் பெயர் வேறொரு காரணத்தாலும் தெரிந்திருக்கும். பல்லாவரம் பம்மல் வட்டாரமும் நம்மைப்போலத் தோல் பதனிடும் ஊரே. ஆனால் நாடகப் பேராசிரியரின் பெயரில் ஒட்டியிருக்கும் பம்மலுக்கும் தோலுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. வீடு நிறையப் புத்தகமும் பெட்டி நிறையச் சான்றிதழும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் அவர். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இளமையில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காது என்பது வியப்பான செய்தி. அக்காலத்துத் தமிழ் நாடகம் பெரும்பாலும் பாட்டாகவே நடந்தது. இரவு தொடங்கினால் விடிய விடிய நீளும். ஆங்கிலக் கல்வி கற்ற இளைஞர்கள் அதை இழிவாகவே கருதினார்கள். மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சம்பந்தமும் அப்படித்தான் கருதினார். 1891இல் பெல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை என்னும் நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதன் தலைவர் கிருஷ்ணமாச்சார்லு ஒரு வழக்கறிஞர். மேடையில் நின்றவர்கள் கூலிக்கு நடிப்பவர்கள் அல்லர். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள். தெலுங்கு நாடகம்தான். ஆயினும் பதினெட்டு வயது இளைஞரின் மனத்தை அது தலைகீழாக மாற்றிவிட்டது. வழக்கறிஞர் ஒருவர் வேடமிட்டு ஆடலாம், ஆடிய பின்னும் மறுநாள் மதிப்போடு நீதிமன்றம் செல்லலாம் என்பதை அவர் கண்ணாலேயே கண்டார். தெலுங்கில் முடிந்தது தமிழில் ஏன் முடியாது என்னும் எண்ணம் எழுந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், நண்பர்கள் சிலரைச் சேர்த்துச் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அப்போது அவருக்கு வயது 18. நம் கல்லூரியில் முதலாண்டில் சேரும் வயது. நாம் அந்த வயதில் உதவித்தொகைப் படிவத்தோடு அலுவலக வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்!

சபை தொடங்கியது எளிது, மேடையேறியது எளிதன்று. நடிக்கத் தமிழ் நாடகம் வேண்டும். அவர் மனத்துக்கு உகந்த நாடகம் கையில் இல்லை. ஆகவே தாமே எழுதலானார். அவருடைய புஷ்பவல்லி 1893இல் மேடை கண்டது. அடுத்து 1895இல் லீலாவதி சுலோசனாவும் மனோகரனும் வந்தன. மூன்றும் முன்னாளைய நாடகத்திலிருந்து விலகி நின்றன. பாட்டின் இடத்தை உரைநடைப் பேச்சு பிடித்தது. விடியும் வரை நீண்ட கதை சில மணி நேரத்துக்குள் அடங்கியது. நாடகம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் உறங்கி, மறுநாள் வேலைக்குச் செல்லும் நகரத்து மனிதருக்கு ஏற்ற நாடகம் இது. அரங்கின் உள்ளே நடப்பது மட்டுமன்று, அரங்குக்கு வருகிறவரின் மறுநாளும் கணக்கில் எடுக்கப்பட்டது.

இனி அந்த மண்டபத்துக்கு வருவோம். 1883 டிசம்பர் 17ஆம் நாள் விசயநகரம் அரசர் ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். கட்டட வேலை 1888க்கும் 1890க்கும் இடையில் நடந்தது. விக்டோரியா அரசியின் ஐம்பதாம் ஆட்சியாண்டு நிறைவு 1887இல் வந்ததால் அவர் பெயர் சூட்டப்பட்டது. வரைந்தவர் இராபர்ட் சிசோம். மெரினாக் கடற்கரையில் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தை வரைந்தவரும் அவரே. கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார் என்னும் புகழ்பெற்ற ஒப்பந்தக்காரர். கணித மேதை இராமானுசன் தம் கடைசி நாள்களில் தங்கியிருந்த சேத்துப்பட்டு இல்லமும் இந்தச் செட்டியாருக்கு உரியதே.

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த கட்டடம். வடக்கிலும் மேற்கிலும் தூண்கள் தாங்கும் நீண்ட தாழ்வாரம். கீழே ஒரு பெருங்கூடம், மேலே ஒரு பெருங்கூடம். ஒவ்வொன்றிலும் 600 பேருக்கு மேல் அமரலாம். கிழக்குக் கோடியில் மரத்தாலான உப்பரிகை. அதில் இன்னும் 200 பேர். உயர்ந்த சதுரக் கோபுரம் ஏறத்தாழ 34 மீட்டர். அதன் தலையில் திருவாங்கூர்ப் பாணியில் கூம்பிய கூரை. இத்தாலியக் கோபுரத்தின் மேல் மலையாளத்துக் கூரை. சுவரின் மேல்விளிம்பில் அரபு எழுத்தணி போன்ற சுடுமண் வேலைப்பாடு. ஒரே கட்டடத்தில் இத்தனை நாடுகளைக் கட்டி வைத்தது சிசோமின் துணிச்சல். நான் அதைத் தெருவிலிருந்து பார்த்தபோது பழுதுபார்க்கும் வேலைக்காகச் சாரம் கட்டியிருந்தார்கள். சாரத்தின் ஊடே அந்தக் கூம்புக் கூரையை மட்டும் பார்த்தேன். கோயில் தேருக்கு ஓலை போர்த்தி வைத்தாற்போல இருந்தது.

இந்த மண்டபம் நாடகத்துக்கு மட்டும் உரியதன்று. 1896இல் சென்னை மக்கள் முதன்முதலாக அசையும் படத்தைக் கண்டது இங்கேதான். 1897இல் விவேகானந்தர் சொற்பொழிவாற்றியதும் இங்கேதான். ஆனாலும் 1902இல் சுகுண விலாச சபை இங்கே குடிபுகுந்து 1936 வரை தங்கியிருந்த 34 ஆண்டுகளே இதன் பொற்காலம் என்பது என் கருத்து. சொற்பொழிவு ஒரு மாலையோடு முடிந்துவிடும். நாடகக் குழுவோ ஒத்திகைக்கு வரும், சண்டையிடும், திரை தைக்கும், மறுபடியும் வரும். கட்டடத்தில் யாரேனும் குடியிருந்தால்தான் அது வீடு.

மேலை நாடுகளில் ஆபரா என்னும் இசைநாடகத்துக்கென்றே தனி மாளிகைகள் எழுப்புவார்கள். அவற்றுள் நம் தலைமுறைக்குப் படத்தில் பழக்கமானது ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்தில் சிப்பிகளைக் கவிழ்த்து அடுக்கினாற்போல் நிற்கும் மாளிகை. டென்மார்க்கு நாட்டு இயோர்ன் உட்சன் 1957இல் போட்டியில் வென்ற வரைபடம் அது. 1973இல், அதாவது பம்மலார் பிறந்து சரியாக நூறாண்டு கழித்துத் திறக்கப்பட்டது. 70 இலட்சம் டாலரில் முடியும் என்று தொடங்கிய வேலை 10 கோடியே 20 இலட்சம் டாலரில் முடிந்தது. கூரையில் மட்டும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள். அகன்ற படிகளில் ஏறிச் சென்று, கண்ணாடிச் சுவரின் வழியே கடலைப் பார்த்துவிட்டு இருக்கைக்குப் போகலாம். இத்தனை அழகு இருந்தும் அதன் பெரிய இசையரங்கில் ஒலி தெளிவாக இல்லை என்னும் குறை பல்லாண்டு நீடித்தது. 2020 முதல் 2022 வரை அரங்கை மூடி வைத்துச் சீர்செய்தார்கள். உட்சனோ கருத்து வேறுபாட்டால் 1966இலேயே விலகியவர். கட்டி முடிந்த மாளிகையை ஒரு முறையும் நேரில் பார்க்காமலே 2008இல் மறைந்தார். கண்ணுக்கு விருந்து வைத்த மாளிகை காதுக்குக் கடன்பட்டு நின்றது.

காதைப் பற்றிப் பேச எங்கள் துறைக்கு உரிமை உண்டு. பம்மலார் மனோகரனை மேடையேற்றிய அதே 1895இல், அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலசு சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் ஆசிரியர் பேசுவது மாணவருக்கு விளங்கவில்லை. எதிரொலி ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. ஏனென்று கண்டுபிடிக்க வேண்டும். அவர் இரவு நேரங்களில் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து பிறந்ததே நாம் ஒலியியல் பாடத்தில் படிக்கும் சபைன் சமன்பாடு. கூடத்தின் பருமனை 0.16 ஆல் பெருக்கி, மொத்த உட்கவரலால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் வினாடியில் கிடைக்கும்.

ஒரு கூடத்தை நாமே கற்பனை செய்துகொள்வோம். 25 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம். பருமன் 3000 கனமீட்டர். சுண்ணாம்புச் சுவரும் மரத்தளமும் சேர்ந்து 100 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு ஈடாக ஒலியை விழுங்குவதாகக் கொள்வோம். ஒலி அடங்க 4.8 வினாடி ஆகும். அதற்குள் நடிகர் பத்துச் சொற்களைப் பேசிவிடுவார். எல்லாம் கலந்து வெறும் இரைச்சலாகிவிடும். இப்போது அதே கூடத்தில் 600 பேரை உட்கார வைப்போம். ஆடை அணிந்த ஒரு மனிதர் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் சன்னலுக்குச் சமம். ஆக உட்கவரல் 400. ஒலி அடங்கும் நேரம் 1.2 வினாடி. பேச்சு தெளிந்துவிடும்! கட்டடக் கலைஞர் அரைக் கட்டடத்தையே கட்டுகிறார். மீதியை வந்து உட்காருகிற மக்கள் கட்டி முடிக்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், பாட்டைக் குறைத்து உரைநடையை நம்பி எழுதிய ஒருவருக்கு இது உயிர்ப்பிரச்சினை. பாட்டு சற்றே எதிரொலித்தால் இனிக்கும். வசனம் எதிரொலித்தால் செத்துவிடும். பம்மலாரின் நாடகத்துக்குக் கூடம் நிறைந்தே ஆக வேண்டும்.

கூடத்தை அவர் நிறைத்தார். நிறைத்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

சபையில் நடித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பின்னாளில் திருவாங்கூர்த் திவானாக விளங்கிய சர் சி.பி. இராமசாமி அய்யர், விடுதலைப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தி, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் இந்தச் சபையின் மேடையோடு தொடர்புடையவர்கள். பம்மலாரும் சட்டம் பயின்று வழக்கறிஞராகி, 1924 முதல் 1928 வரை சிறு வழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாகப் பணியாற்றினார். நீதிபதியையும் கூத்தாடி என்று யார் அழைக்கத் துணிவார்? அங்கேதான் அவர் வெற்றி பெற்றார். நாடகத்தின் இழிவைப் போக்க அவர் கட்டுரை எழுதி வாதாடவில்லை. இழிவாகப் பேச முடியாத மனிதர்களை மேடையில் ஏற்றிவிட்டார்.

பெண் வேடங்களையும் ஆண்களே தாங்கினார்கள். அவர்களுள் முதன்மையானவர் ரங்கவடிவேலு. அவரும் வழக்கறிஞரே. பம்மலார் தலைவனாக நிற்க, ரங்கவடிவேலு தலைவியாக எதிரே நிற்பது சபையின் வழக்கம். 1923இல் ரங்கவடிவேலு மறைந்தார். தம் நாடக வாழ்வின் பாதி போனதுபோல் பம்மலார் கலங்கினார் என்பதை அவருடைய நாடக மேடை நினைவுகள் நூலைப் படிப்பவர் உணரலாம். ஆறு பாகங்கள் கொண்ட அந்நூலில் தம்மைப் பற்றி எழுதியதைவிட நண்பரைப் பற்றி எழுதிய பக்கங்களே என்னை உருக்கின.

இனி, நான் முன்பு விட்டுவந்த செய்தி. எங்கள் வீடு பாகாயத்துக்குத் தெற்கே உள்ள சிற்றூரில் இருக்கிறது. அப்பா டேனரியில் வேலை பார்க்கிறார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்தியே. ஆனால் மேடையை மிதித்தவர் எனக்கு முன்பே ஒருவர் உண்டு. என் தாத்தாவின் தம்பி தெருக்கூத்துக் கலைஞர். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் அவர் கட்டிய வேடம் திரௌபதியே. துகிலுரிதல் அன்று அவர் விரித்த கூந்தலோடு திரைக்குப் பின்னிருந்து வெளியே வந்தால் ஊர்ப் பெண்கள் எழுந்து கும்பிடுவார்களாம். விடிந்ததும் அதே மனிதர் முகத்து அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடைக்குப் போனால் கிளாசைத் தனியே எடுத்துக் கொடுத்த காலமும் இருந்ததாம். இரவில் தெய்வம், பகலில் கூத்தாடி. இதை எனக்குச் சொன்னவர் பாட்டி. அப்பா இதைப் பற்றிப் பேசமாட்டார்.

வட ஆர்க்காட்டு மண்ணில் பிறந்தவர்களுக்குக் கூத்தை விளக்க வேண்டியதில்லை. இருவர் பிடித்த திரை, கட்டியங்காரன், மத்தளம், தாளம், காற்றைக் கிழிக்கும் முகவீணை. அங்கே சுவர் இல்லை, கூரை இல்லை. சுவர் இல்லாவிட்டால் எதிரொலி இல்லை. ஆனால் தொலைவு இரட்டித்தால் ஒலியின் செறிவு கால்பங்காகிவிடும். ஆகவேதான் கூத்துக்காரர் உச்சக் குரலில் பாடுகிறார்; முகவீணை அத்தனை கூர்மையாக ஒலிக்கிறது. பாட்டே ஆடுகளத்தின் கடைசி வரிசை வரை போகும், பேச்சு போகாது. பாட்டாலேயே நடந்ததால் பழைய நாடகம் தாழ்ந்தது என்று அக்காலத்துப் படித்தவர்கள் எண்ணினார்கள் அல்லவா? வெட்டவெளிக்கு அதுவே அறிவியல். கூரையும் சுவரும் நாற்காலியும் கிடைத்த பிறகே உரைநடை நாடகம் பிறக்க முடியும். பம்மலாரின் பேனாவைப் போற்றும்போது நம்பெருமாள் செட்டியாரின் செங்கல்லையும் சேர்த்துப் போற்ற வேண்டும் என்பது என் வாதம்.

கூத்து நடக்கும் இடத்தில் நுழைவுச்சீட்டு இல்லை. எருமை ஓட்டி வந்தவரும் உட்காரலாம். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்த பாட்டியும் படுத்துக்கொண்டே பார்க்கலாம். செங்கல் மண்டபத்தின் வாசல் அத்தகையதன்று. அங்கே எங்கள் சின்னத் தாத்தா போயிருந்தால் தாழ்வாரத்துத் தூணைத் தாண்டியிருப்பாரா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. மேடைக்குக் கிடைத்த மதிப்பு வழக்கறிஞரோடு வந்தது, வழக்கறிஞரோடு நின்றது. அதே காலத்தில் தவத்திரு சங்கரதாச சுவாமிகள் (1867–1922) ஊர் ஊராகச் சென்று சிறுவர்களைப் பழக்கி நாடகத்தை வாழ்வித்தார். கும்பகோணம் பாலாமணி அம்மையார் பெண்களையே கொண்டு குழு நடத்தினார். அவர்களுக்கு நீதிபதி என்னும் கவசம் இல்லை. புகழ் கிடைத்தது, மதிப்பு கிடைக்க நாளாயிற்று.

ஆயினும் பம்மலாரைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. தமக்குக் கிடைத்த வசதியை அவர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார்; எழுதியவற்றை அச்சிட்டுத் தந்தார். அவற்றை எவர் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், நடிக்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. மனோகரனைத் தொழில்முறைக் குழுவான டி.கே.எஸ். சகோதரர்களும் நடித்தார்கள். சபை இரயிலேறிப் பல ஊர்களுக்கும், கடல் கடந்து இலங்கைக்கும் சென்று நடித்தது. சேக்சுபியரின் ஆம்லெட்டு அவர் கையில் அமலாதித்யன் ஆனான். மாக்பெத்து மகபதி ஆனான். வெனிசு நகர வணிகன் வாணிபுர வணிகன் ஆனான். ஒலிப்பும் பொருளும் சேர்ந்து வரும்படி அவர் பெயர் சூட்டிய திறமையை எங்கள் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் சொன்னபோது, ஆங்கிலத்துக்கு அஞ்சும் எங்கள் வரிசை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறமொழி நாடகத்துக்கு முன் கைகட்டி நிற்காமல் அதன் தோளில் கைபோட்டு அழைத்து வந்தவர் அவர்.

மனோகரன் கதையை அறியாதவர் சிலரே. அரசன் புருஷோத்தமன் வசந்தசேனையின் வலையில் விழுந்து கிடக்க, அரசி பத்மாவதி புறக்கணிக்கப்படுகிறாள். வீரனான மகன் மனோகரன் தாயின் சொல்லுக்குக் கட்டுண்டு சினத்தை அடக்குகிறான். சங்கிலியால் பிணைத்து நிறுத்தப்பட்ட நிலையிலும் பொறுக்கிறான். கடைசியில் தாயே ஆணையிட, சங்கிலியை அறுத்துக்கொண்டு எழுகிறான். இளமையில் அந்த வேடத்தைப் பம்மலாரே தாங்கினார். 1954இல் சிவாசி கணேசன் நடிக்க, கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தோடு மனோகரா திரைப்படம் வெளிவந்தது. நம் ஊர்களில் அந்தப் படத்தின் வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மூலத்தை எழுதியவர் பெயரைக் கேட்டால் அவர்களுள் பலர் விழிப்பார்கள். நகைச்சுவைக்குச் சபாபதி, வேலைக்காரன் சபாபதியின் அசட்டுத்தனத்தைக் கண்டு சிரிக்காதவர் உண்டோ? 1941இல் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாக்கினார். 1948இல் வேதாள உலகமும் திரைக்கு வந்தது.

1936இல் சபை செங்கல் மண்டபத்தை விட்டு மவுண்ட் ரோடில் சொந்த இடத்துக்குப் பெயர்ந்தது. அதன்பின் திரைப்படம் பெருகியது, நாடகம் சிறுத்தது. பம்மலார் ஓயவில்லை. நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி என்பதற்கே தனி நூல் எழுதினார். நாடகத் தமிழின் வரலாற்றை எழுதினார். பேசும்பட அனுபவத்தையும் எழுதி வைத்தார். நாடகப் பேராசிரியர் என்னும் பட்டம் முன்பே கிடைத்திருந்தது. 1959இல் இந்திய அரசு பத்மபூசண் விருது வழங்கியது. சங்கீத நாடக அகாதெமியின் விருதும் அதே ஆண்டில் வந்தது. 1964 செப்டம்பர் 24ஆம் நாள், தம் 92ஆம் வயதில் மறைந்தார். சுகுண விலாச சபையைத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் 73 ஆண்டுகள்.

மண்டபம் அதன்பின் நெடுநாள் பாழடைந்து கிடந்தது. மழைநீர் இறங்கியது, மரம் உளுத்தது, கண்ணாடி உடைந்தது. அண்மை ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி பல கோடி ரூபாய் செலவிட்டுப் பழைய சுண்ணாம்பு முறையிலேயே சீர்செய்யும் பணியை மேற்கொண்டது. நான் பார்த்த சாரம் அதற்காகக் கட்டியதே.

நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் இவ்வாண்டு மனோகரனிலிருந்து சங்கிலிக் காட்சியை மட்டும் எடுத்து நடிப்பதென்று முடிவாகியிருக்கிறது. மனோகரனாக மூன்றாமாண்டு வேதியியல் அண்ணன் ஒருவர். பத்மாவதியாக நடிக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். அம்மா சரி என்றுவிட்டார். அப்பாவிடம் சொன்னபோது, கூத்தாடி என்று ஊர் சொல்லும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்தச் சொல்லை அவர் யாருக்காகச் சுமந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் எதிர்த்துப் பேசவில்லை. நூலகத்திலிருந்து நாடக மேடை நினைவுகள் முதல் பாகத்தை எடுத்துவந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தினம் நான்கு பக்கம் உரக்கப் படிக்கிறேன். படிக்கத் தெரிந்தும் நேரமில்லாத அப்பா காதால் கேட்கிறார். பெல்லாரி வழக்கறிஞர் வேடம் கட்டிய பகுதியைக் கேட்டுவிட்டு, வக்கீல் கூத்து ஆடினாரா என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் அவரே, நம்ம சித்தப்பா ஆடினதை எவனும் எழுதி வைக்கலையே என்றார். சித்தப்பா என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் முறை.

ஒத்திகை அடுத்த மாதம் தொடங்குகிறது. கல்லூரிக் கூடம் தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் கொண்டது. வெறுமையாக இருக்கும்போது கைதட்டினால் ஓசை வெகுநேரம் சுற்றுகிறது. கோணிப்பையும் பழைய திரைச்சீலையும் சேர்த்துப் பின்சுவரில் தொங்கவிடலாம் என்று எங்கள் இயற்பியல் ஆசிரியர் யோசனை சொன்னார். கோணிப்பை அப்பாவின் வேலையிடத்தில் நிறையக் கிடைக்கும். எத்தனை வேண்டும் என்று நேற்றுக் கேட்டார்.